அருங்காட்சியகத்தில் ஆடையற்ற சிலைகள்: எப்படிப் பார்ப்பது, எப்படி அடையாளம் காண்பது?

பாரிசுக்கும் ரோமுக்கும் சுற்றிப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்களை மியூசியம் மியூசியமாக அழைத்துப் போவது பல வருடங்களாக என் வழக்கம். போகிற இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வரும். அதிலும் ஆடையில்லாத சிலைகளைப் பற்றிய கேள்விகள் காதோரமாக, குரலைத் தாழ்த்தி வரும். அவற்றுக்கு நான் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கிரேக்க, ரோமானியச் சிலைகளில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வரையிலான ஐரோப்பியச் சிற்பங்களைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன். நம் ஊர்க்காரர்கள் அங்கே போனதும் திகைத்து நிற்பது இவற்றின் முன்னால்தான்.

முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

கூச்சம் வந்தால் வரட்டும். எங்கள் அம்மாவைப் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போன அன்று, முதல் அரை மணி நேரம் அவர் தரையையும் கூரையையும் மட்டும்தான் பார்த்தார். மைலோ வீனஸ் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அந்தச் சிலைக்கு இடுப்புக்கு மேலே துணி இல்லை. இடுப்பில் சுற்றியதும் நழுவிக்கொண்டிருக்கிறது. கைகள் இரண்டும் உடைந்து போனவை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாவம்டா, துணி நழுவுது, பிடிக்கக் கையில்லையே" என்றார்.

அந்தச் சிலையின் சூட்சுமம் முழுக்க அந்தப் பேச்சில் இருக்கிறது. பாரத்தை வலது காலில் போட்டு, இடது முழங்காலைச் சற்றே முன்னால் மடக்கியிருக்கிறாள். மடங்கிய தொடைதான் துணியைத் தாங்குகிறது. துணி இன்னும் விழவில்லை, ஆனால் விழப் போகிறது. அம்மா அதைக் கண்டுகொண்டதும் கூச்சம் எங்கோ போய்விட்டது. அப்புறம் மூன்று மணி நேரம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அவர்தான். கூச்சப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்வையை விலக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "இவளுக்கு ஏன் துணியில்லை" என்ற கேள்வி, "இவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்" என்று தானாக மாறிவிடும்.

ஏன் இத்தனை அம்மணச் சிலைகள்? துணி செதுக்கத் தெரியாதா?

துணி செதுக்குவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஈரத்துணி உடம்பில் ஒட்டுவதைக்கூடக் கல்லில் காட்டியவர்கள். கிரேக்க ஆண்கள் உடற்பயிற்சி செய்ததும் போட்டிகளில் ஓடியதும் ஆடையில்லாமல்தான். அதனால் ஆண் உடலை அப்படியே செதுக்குவது அவர்களுக்குச் சாதாரணம், கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே அப்படிப்பட்ட இளைஞர் சிலைகள் ஏராளமாக இருந்தன. பெண் தெய்வங்களுக்கு மட்டும் ஆடை உண்டு.

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் பிராக்ஸிடிலீஸ் என்ற சிற்பி அதை மாற்றினார். அவர் இரண்டு அஃப்ரோடைட்டி சிலைகள் (ரோமானியர்கள் வீனஸ் என்று அழைத்த காதல் தெய்வம்தான் அஃப்ரோடைட்டி) செய்தார் என்றும், ஒன்றுக்கு ஆடை உண்டு, மற்றதற்கு இல்லை என்றும், காஸ் தீவுக்காரர்கள் கண்ணியமாக ஆடையுள்ளதை வாங்கிக்கொண்டார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். மற்றதை வாங்கிய க்னிடோஸ் ஊருக்கு அந்த ஒரு சிலையால் பேர் வந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே கப்பலேறி வந்தார்களாம். அசல் சிலை இன்று இல்லை. ஆனாலும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சொல்லத்தக்கவை ஐரோப்பாவின் எல்லாப் பெரிய அருங்காட்சியகங்களிலும் நிற்கின்றன.

பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இது யார் என்று எப்படிச் சொல்வது?

நம் கோயிலில் எப்படிச் சொல்கிறோம்? வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள். இங்கேயும் அதே வழிதான். முதலில் கையைப் பாருங்கள், அப்புறம் காலடியைப் பாருங்கள். முகத்தை நம்ப வேண்டாம். எல்லா முகமும் ஏறத்தாழ ஒரே அச்சு.

கையில் ஆப்பிள் இருந்தால் வீனஸ். மூன்று தேவிகளில் யார் அழகி என்ற போட்டியில் பாரிஸ் என்ற இளவரசன் கொடுத்த பரிசு அது. காலடியில் டால்ஃபின் இருந்தாலும் அவள்தான், கடல் நுரையில் பிறந்தவள் என்பதால். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குடமும் அதன்மேல் போட்ட துணியும் இருந்தால் குளிக்கப் போகிற வீனஸ், அல்லது குளித்துவிட்டு வருகிற வீனஸ். நெற்றியில் பிறை, முதுகில் அம்பறாத்தூணி, கூடவே நாய் என்றால் வேட்டைத் தேவதை டயானா. அன்னத்தை அணைத்திருப்பவள் லீடா. அந்த அன்னம் வேடமிட்டு வந்த தேவர்களின் அரசன் ஜூபிடர். வண்ணத்துப்பூச்சியோ அதன் சிறகோ தென்பட்டால் சைக்கி. மூன்று பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்றால் அவர்கள் கிரேஸ் சகோதரிகள்.

ஆண்களில், சிங்கத்தோலும் கதாயுதமும் ஹெர்குலிஸ். திராட்சைக் குலையும் மதுக்கிண்ணமும் பாக்கஸ். செருப்பிலோ தொப்பியிலோ சிறகு முளைத்திருந்தால் மெர்க்குரி. யாழோ வில்லோ வைத்திருக்கும் மீசை முளைக்காத இளைஞன் அப்பல்லோ. காது கூர்மையாக இருக்கிறதா? பின்னால் போய்ப் பாருங்கள், சின்னதாக ஒரு வால் இருக்கும். அவன் சாட்டிர், காட்டில் குடித்துக் கூத்தாடுகிறவன்.

எதுவுமே இல்லையென்றால்? 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ செய்ததாக இருக்கலாம். அப்போதிலிருந்து புராணப் பெயரின் துணை இல்லாமலே உடம்பைச் செதுக்கும் துணிச்சல் சிற்பிகளுக்கு மெல்ல மெல்ல வந்தது.

ரோமில் பார்த்த வீனசையே ஃபிளாரன்ஸிலும் லண்டனிலும் பார்த்தேன். எது உண்மையானது?

மூன்றும் உண்மை, மூன்றும் நகல். ரோமானியர்களுக்குக் கிரேக்கச் சிலைகள்மேல் அப்படியொரு மோகம். மாளிகைக்கு, தோட்டத்துக்கு, குளியல் மண்டபத்துக்கு என்று பிரதி செய்து வாங்கிக் குவித்தார்கள். கிரேக்க அசல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, பிரதிகள் தப்பின. கை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வகை பிடிபடும்.

க்னிடோஸ் வகையில் வலது கை மடியை மறைக்கிறது. இடது கை குடத்தின் மேலே துணியைப் பிடித்திருக்கிறது. மார்பை அவள் மறைக்கவில்லை. வத்திக்கானில் இதன் நல்ல பிரதி இருக்கிறது. ரோமின் கேப்பிடோலின் வீனசும் ஃபிளாரன்ஸ் உஃபீசியில் இருக்கும் மெடிச்சி வீனசும் ஒரு கையால் மார்பையும் மறு கையால் மடியையும் மறைக்கிறவர்கள். இவர்களைப் பிரிக்கக் காலடிக்குப் போங்கள்: கேப்பிடோலினுக்குக் குடம், மெடிச்சிக்கு டால்ஃபின். குந்தி உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பவள் குளிக்கும் வீனஸ்; லூவரிலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கிறாள். அவளுடைய வயிற்று மடிப்புகளைக் கட்டாயம் பாருங்கள். குனிந்து உட்கார்ந்தால் எந்தப் பெண்ணுக்கும் விழுகிற மடிப்பு அது. தெய்வத்துக்கும் விழும் என்று அந்தச் சிற்பி கண்டுகொண்டிருக்கிறார். எனக்கு மற்ற வீனஸ்களைவிட இவள்மேல் பிரியம் அதிகம்.

மறைக்கும் கைகளைப் பற்றி இன்னொன்று. அவை மறைக்கின்றனவா, சுட்டிக்காட்டுகின்றனவா? இரண்டாயிரம் வருடமாக மனிதர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. யாரோ வரும் சத்தம் கேட்டதுபோல. அந்த யாரோ நாம்தான் என்று உணரும்போது உடம்பு ஒருமுறை சிலிர்க்கும்.

சிலையின் காலோடு ஒட்டி ஏன் ஒரு மரக்கட்டை நிற்கிறது?

இதைக் கவனித்தவருக்கு நல்ல கண். கல் கனமானது, ஆனால் இழுவிசையைத் தாங்காது. மனிதக் கணுக்கால் அளவுள்ள பளிங்கு, மேலே இருக்கும் மொத்த உடம்பையும் சுமந்தால் முறிந்துவிடும். அதனால் அடிமரம், குடம், டால்ஃபின் என்று ஏதாவது முட்டுக் கொடுப்பார்கள். வெண்கலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஆண் சிலைக்குக் காலருகே சம்பந்தமில்லாத ஓர் அடிமரம் இருந்தால், வெண்கல அசலைப் பார்த்து ரோமில் பளிங்கில் செய்த பிரதியோ என்று சந்தேகப்படலாம். இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்குப் போகும் சின்னக் கல் பாலமும் அதே கதைதான்.

அசல் வெண்கலங்கள் மிகச் சிலவே மிஞ்சின. மற்றவை உருக்கப்பட்டுக் காசாகவும் ஆயுதமாகவும் போயின. தப்பியவற்றில் முக்கியமானவை 1972இல் இத்தாலியின் தென்கோடிக் கடலில், ரியாச்சே அருகே கிடைத்த இரண்டு வீரர்கள். உதடும் முலைக்காம்பும் செம்பில், ஒருவனுக்குப் பல் வெள்ளியில். இப்போது ரெஜியோ கலாப்ரியாவில் இருக்கிறார்கள். அவர்களும் மெழுகு வார்ப்புதான், நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதுபோல. ஆனால் சோழ வெண்கலங்கள் உள்ளே கெட்டியானவை, கிரேக்க வெண்கலங்கள் உள்ளே கூடு.

எல்லாம் ஏன் ஒரே வெள்ளை?

வெள்ளையாக இருக்கவில்லை. கூந்தல், உதடு, கண், ஆடைக்கரை எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டினார்கள். மெடிச்சி வீனஸின் கூந்தலில் தங்கப் பூச்சு இருந்த தடயம் கிடைத்திருக்கிறது. தோடு மாட்டக் காதில் துளையும் உண்டு. உங்கள் சிலைகளில் உங்களுக்கே பிடித்தது எது என்று கேட்டதற்கு, நிக்கியாஸ் என்ற ஓவியர் கைவைத்தவை என்று பிராக்ஸிடிலீஸ் பதில் சொன்னதாகப் பிளினி எழுதியிருக்கிறார். மண்ணும் மழையும் காலமும் வண்ணத்தைக் கழுவிவிட்டன. பின்னால் வந்தவர்கள் அந்த வெள்ளையையே அழகின் இலக்கணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எது பழைய பாகம், எது பிற்பாடு ஒட்டியது?

மூக்கு, விரல், கை, தலை இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். பூமியிலிருந்து எடுக்கும்போது இவைதான் முதலில் உடைந்திருக்கும். 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை உடைந்த சிலையை அப்படியே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. புதுக்கல்லில் செய்து ஒட்டிவிடுவார்கள். இயற்கையாக உடைந்த கோடு கோணல்மாணலாக ஓடும். ஒட்டுப்போட்ட கோடு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும், ஏனென்றால் ஒட்டுவதற்கு முன் உடைந்த முகத்தைச் சமமாகச் செதுக்கிவிடுவார்கள். கல்லின் நிறமும் லேசாக மாறும்.

ஒட்டுவேலை சிலையின் அர்த்தத்தையே மாற்றிவிடும் என்பதற்கு நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு சிலை இருக்கிறது. ஒரு பெண் ஆடையைத் தூக்கி, தோளுக்கு மேலாகத் திரும்பித் தன் பின்னழகைத் தானே பார்க்கிறாள். 'அழகிய பிட்டமுடையவள்' என்பதுதான் அவளுடைய கிரேக்கப் பெயருக்குப் பொருள். ஆனால் அந்தத் தலை 18ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தது. பழைய தலை எங்கே பார்த்தது என்று தெரியாமலே, நாம் அவள் பார்வையைப் பின்தொடர்ந்து போகிறோம்.

இவற்றில் பலவற்றைச் சிருங்காரச் சிலைகள் என்கிறார்கள். சிருங்காரம் சிலையில் எங்கே இருக்கிறது?

என் பதில்: தொடுகிற இடத்தில். வெறும் அம்மணம் சீக்கிரம் சலித்துவிடும். பத்து அம்மணச் சிலைகளைத் தாண்டியபின் பதினொன்றாவது கண்ணில் படாது. விரல் சதையில் பதிகிற இடம், துணி தோலைவிட்டு விலகுகிற இடம், கன்னம் தலையணையில் அமுங்குகிற இடம் ஆகியவற்றில்தான் கல் சட்டென்று கல்லாக இல்லாமல் போகிறது.

ரோமில் பொர்கேஸே மாளிகைக்குப் போனால் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். இத்தாலியச் சிற்பி பெர்னினி 1621-22இல், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் செய்த சிலை அங்கே இருக்கிறது. பாதாள உலகின் அரசன் புளூட்டோ, புரோசெர்பினாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவன் விரல்கள் அவள் தொடையில் அழுந்தும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒரு குழி. விரலுக்கும் விரலுக்கும் நடுவே சதை பிதுங்கி மேலே எழுகிறது. அழுத்தம் எங்கே அதிகம், எங்கே குறைவு என்றுகூடத் தெரியும். நாமே நம் தொடையை அழுத்திப் பார்த்தால் எப்படிக் குழியுமோ அச்சு அசலாக அப்படி. தோலை வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார். அவன் தாடியில் உளியும் துளைக்கருவியும் போட்ட கரடு அப்படியே இருக்கிறது. அந்தக் கரடு பக்கத்தில் இருப்பதால்தான் இந்த வழவழப்பு தோலாகிறது.

பெண்ணை வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போகும் சிலையை ரசிக்கலாமா?

நியாயமான கேள்வி, நானும் அந்தச் சிலை முன்னால் கேட்டுக்கொண்டதுதான். தொடையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அது தப்பு என்பேன். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பாருங்கள். கன்னத்தில் கண்ணீர்த் துளி கல்லில் நிற்கிறது. அவள் கை அவன் நெற்றியைத் தள்ளுகிறது. தள்ளிய வேகத்தில் அவன் புருவத்துத் தோல் சுருங்குகிறது. பெர்னினி இரண்டையும் ஒரே கவனத்தோடு செதுக்கியிருக்கிறார், அவன் பிடியையும் அவள் மறுப்பையும். செல்வந்தர் ஒருவரின் மாளிகை அலங்காரத்துக்காகச் செய்த சிலை என்பதும், வாங்கிய கார்டினல் பார்க்க விரும்பியது எது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவளுடைய கண்ணீரை அந்தச் சிலை மறைக்கவில்லை, நாமும் அதைத் தாண்டிப் போகக் கூடாது. இந்த வகைச் சிலைகள் ஐரோப்பாவில் நிறைய உண்டு. பார்க்கும்போது சங்கடம் வந்தால், அதைத் துடைத்துப் போட வேண்டாம்; அதோடு நின்று பாருங்கள்.

லூவரில் மெத்தையில் குப்புறப் படுத்திருக்கும் சிலை பெண்ணா?

முதலில் முதுகுப் பக்கமாகப் பாருங்கள். வளைந்த முதுகு, மெத்தையில் அமுங்கிய கன்னம், போர்வையில் சிக்கிய கால். தூக்கம் வராமல் புரண்டவளின் உடம்புபோல இருக்கும். அப்புறம் மெதுவாக மறுபக்கம் சுற்றி வாருங்கள். மார்பும் இருக்கிறது, ஆண்குறியும் இருக்கிறது. அவர் பெயர் ஹெர்மாஃப்ரோடைட்டஸ், ஹெர்மிஸுக்கும் (ரோமானியர்களின் மெர்க்குரி) அஃப்ரோடைட்டிக்கும் பிறந்தவர். சல்மாசிஸ் என்ற நீர்த்தேவதை அவன்மேல் ஆசைப்பட்டு, பிரியவே கூடாது என்று வேண்ட, இரண்டு உடலும் ஒன்றாகிவிட்டது என்பது கதை. நம் அர்த்தநாரீசுவரரில் வலம் ஆண், இடம் பெண் என்று நேர்கோடு இருக்கிறது. இங்கே கோடே இல்லை, ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கிறது.

உடம்பு ரோமானியர் காலத்தது. மெத்தை 1620 வாக்கில் பெர்னினி செய்து கொடுத்தது. அந்த மெத்தையை விரலால் அமுக்கிப் பார்க்கத் தோன்றும், பொத்தான் வைத்துத் தைத்த தையல்வரை கல்லில் இருக்கிறது. அங்கே நின்று சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகைப் பார்த்தபோது மயங்கியதும், முன்னால் வந்து அதிர்ந்ததும் நம் மனம்தான். படுத்திருப்பவர் பாட்டுக்குத் தூங்குகிறார்.

ஆண் சிலைகளில் உறுப்பு ஏன் அவ்வளவு சிறிதாக இருக்கிறது?

கிரேக்கர்களுக்கு அதுதான் அழகு. அடக்கமும் புத்தியும் உள்ளவனுக்கு அது சிறிதாக இருக்க வேண்டும் என்று கருதினார்கள். பெரிதாக வைத்தது கட்டுப்பாடில்லாத சாட்டிர்களுக்கு. பிற்பாடு வந்தவர்களும் அதே மரபில் போனார்கள்.

ஆண் சிலைகளில் சிருங்காரம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிளாரன்ஸின் பார்ஜெல்லோவில் டொனாடெல்லோ வார்த்த வெண்கல தாவீது இருக்கிறான். வெட்டிய கோலியாத்தின் தலைமேல் கால் வைத்து நிற்கிறான். அந்தத் தலைக்கவசத்தின் இறகு அவன் காலின் உட்புறமாகத் தொடைவரை ஏறுகிறது. சுற்றி வந்தால்தான் அது தெரியும். முனிக்கின் கிளிப்டோதெக்கில் கால்களை அகட்டிப் போட்டுப் போதையில் தூங்கும் சாட்டிர் ஒருவன் உண்டு, வெட்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அத்தி இலை வைத்து மறைத்தார்களாமே?

மறைத்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மைக்கலாஞ்சலோ தாவீதின் பெரிய பிளாஸ்டர் அச்சு இருக்கிறது. 1857இல் விக்டோரியா அரசிக்குப் பரிசாக வந்தது. அரச குடும்பத்துப் பெண்கள் வரும்போது மாட்ட ஒரு பிளாஸ்டர் இலை செய்து வைத்திருந்தார்கள். இலை இப்போது பீடத்தின் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில், எரிமலையால் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த காமப் பொருள்களை 1819இல் தனி அறையில் பூட்டினார்கள், 1849இல் வாசலையே செங்கல் வைத்து அடைத்தார்கள். எல்லோருக்கும் முறையாகத் திறந்தது 2000இல்தான்.

ரோதானின் 'முத்தம்' சிலையின் ஒரு பிரதி இங்கிலாந்தில் லூயிஸ் என்ற சிற்றூரின் நகர மண்டபத்தில் 1914இல் வைக்கப்பட்டது. ஊரில் தங்கியிருந்த இளம் சிப்பாய்கள் கெட்டுவிடுவார்கள் என்று ஆட்சேபம் கிளம்ப, துணி போட்டு மூடினார்கள். அந்தச் சிலைதான் இன்று பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். இதெல்லாம் பழங்கதை என்றால், 2016 ஜனவரியில் ஈரான் அதிபர் வந்தபோது ரோமின் கேப்பிடோலின் அருங்காட்சியகத்தில் சிலைகளைப் பெட்டியடித்து மறைத்தார்கள். இத்தாலிக்காரர்களே கொதித்துப் போனார்கள்.

திறந்த மார்போடு இருந்தாலே அது சிருங்காரச் சிலையா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்கு லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பதில் நிற்கிறது. இலங்கையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த, பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலை. சுமார் 8ஆம் நூற்றாண்டு, வெண்கலத்தில் தங்கம் பூசியது, 143 செ.மீ. உயரம். முன்னாள் ஆளுநர் பிரவுன்ரிக் 1830இல் அதைக் கொடுத்தார். மெல்லிய இடை, ஒசிந்த இடுப்பு, திறந்த மார்பு, வரம் தரும் வலக்கை. இது பொதுமக்கள் பார்க்கத் தகாதது என்று முப்பது வருடம்போல உள்ளே வைத்துவிட்டார்கள். வீனசுக்குத் தனி மண்டபம் கொடுத்த அதே நூற்றாண்டில் நம் பக்கத்துத் தெய்வத்துக்கு இந்த மரியாதை.

நமக்கோ அவளைப் பார்த்ததும் கைகூப்பத்தான் தோன்றும். வரம் தரும் கையும் பாதி மூடிய கண்ணும் என்ன சொல்கின்றன என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு சிலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அதைச் செய்தவர்களின் ஊரில்தான் கேட்க வேண்டும். அதே நியாயத்தை நாமும் கிரேக்கச் சிலைக்குக் கொடுக்க வேண்டும்.

செய்தவர் யார் என்று பார்த்ததும் சொல்ல முடியுமா?

கொஞ்சம் பழகினால் முடியும். தோலின் மேற்பரப்பைப் பாருங்கள். முடிக்காமல் விட்ட இடத்தில் பல்லுளியின் இணைகோடுகள், உள்ளே பலம் திமிறும் ஆண் உடல் என்றால் மைக்கலாஞ்சலோ. லூவரில் 'சாகும் அடிமை' தூக்கத்தில் சோம்பல் முறிப்பவன்போல நிற்கிறான். காலுக்குப் பின்னால் அரைகுறையாக ஒரு குரங்கு. ஓட்டமும் முறுக்கும் காற்றில் பறக்கும் துணியும் என்றால் பெர்னினி பக்கம் போகலாம்.

ஒரு சொரசொரப்பும் இல்லாமல், தோல் மெழுகுபோல இருந்தால் இத்தாலியச் சிற்பி கனோவா. பொர்கேஸேயில் நெப்போலியனின் தங்கை பவுலினாவை ஆப்பிள் ஏந்திய வீனசாகப் படுக்க வைத்திருக்கிறார், 1805-08. நிஜமாகவே பளிங்கில் மெழுகு பூசி மெருகேற்றியது அது. கீழே சுழலும் பொறி வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்களாம். அவள் சாய்ந்திருக்கும் மெத்தை விளிம்பு அவள் பாரத்தில் எப்படித் தாழ்கிறது என்று பாருங்கள்.

வழவழப்பான உடல்கள் செதுக்காத பாறையிலிருந்து கிளம்பி வந்தால் ரோதான். ஒன்று சொல்ல வேண்டும்: அவருடைய பளிங்குச் சிலைகளைக் கல்லில் செதுக்கியவர்கள் பெரும்பாலும் அவர் பட்டறை ஆட்கள். அவர் கை களிமண்ணில்தான் இருக்கிறது.

பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் கிளெசிங்கே செய்த 'பாம்பு கடித்த பெண்' சிலையையும் பாருங்கள். 1847இல் பெரிய களேபரம். உயிருள்ள உடம்பில் நேரடியாக அச்சு எடுத்துவிட்டார் என்றார்கள். தொடைச் சதையின் சின்னச் சின்னக் குழிகளைப் பார்த்தால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது புரியும். எந்த வீனஸுக்கும் அந்தக் குழிகள் இல்லை.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. அவர்கள் ஒரு நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் டால்ஃபினைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நேப்பிள்ஸ் ரகசிய அறை மட்டும் வேறு. அங்கே பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தொடலாமா? படம் எடுக்கலாமா? வரையலாமா?

தொடவே கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பளிங்குக்குள் இறங்கிக் கறையாகும். படம் எடுக்கப் பெரும்பாலான இடங்களில் விடுவார்கள், பிளாஷ் மட்டும் கூடாது. என்னைக் கேட்டால் பென்சிலும் சின்ன நோட்டும் எடுத்துப் போங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே கோடாக இழுத்துப் பாருங்கள். பாரம் எந்தக் காலில், இடுப்பு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். நம் சிற்பிகள் திரிபங்கம் என்று சொல்லும் வளைவுக்கு இது தூரத்து உறவு. பொர்கேஸேக்கு முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு சிலைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது?

முழுதாக ஒருமுறை சுற்றி வருகிற நேரமாவது. முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் பாதிச் சிலையைத்தான் பார்த்திருப்பீர்கள்.

பாரிசில் ரோதான் அருங்காட்சியகத்தில் 'முத்தம்' இருக்கிறது. எல்லோரும் முன்னால் நிற்பார்கள்: அவள் கை அவன் கழுத்தைச் சுற்றி இழுக்கிறது, அவன் கை அவள் இடுப்பருகே தொட்டும் தொடாமலும் இருக்கிறது. பின்பக்கம் வாருங்கள். அவன் மற்றொரு கையில் ஒரு புத்தகம் நழுவிக்கொண்டிருக்கும், பாறையோடு பாறையாக, சட்டென்று கண்ணில் படாது. அவர்கள் தாந்தேயின் காவியத்தில் வரும் பவுலோவும் பிரான்செஸ்காவும். அவள் அவனுடைய அண்ணன் மனைவி. இருவரும் சேர்ந்து ஒரு காதல் கதையைப் படித்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒரு முத்தம் வரும் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். கணவன் இருவரையும் கொன்றுவிடுவான். திரும்ப முன்னால் வந்து அந்த உதடுகளைக் கிட்டத்தில் பாருங்கள். அவை இன்னும் சேரவில்லை.